நாலு மணிக்கு முழிப்பு வரும் பையன்

விடுதி விண்ணப்பத்தில் 'லோக்கல் கார்டியன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா பேனாவை என் பக்கம் நீட்டி, "உன் பேரையே எழுதிரு தம்பி" என்றாள். எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் தாய்மாமன். முதல் மொட்டைக்கு இந்தப் பையன் என் மடியில்தான் உட்கார்ந்து கத்தினான். காது குத்தும்போது என் சட்டைக் காலரைக் கடித்தே கிழித்தான். பதினேழு வயதில் மறுபடி மடி கொடுக்க வேண்டியிருக்கும் என்று அந்தக் கட்டத்தை நிரப்பும்போது எனக்குத் தோன்றவில்லை.

ஊர் சங்கரன்கோவில். அத்தானுக்குக் காய்கறிக் கடை. பையன் தமிழ் மீடியம், ப்ளஸ் டூ வரை உள்ளூரிலேயே படித்தவன். அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இல்லை, பொதுப் பட்டியலில்தான் மோதினான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குப் போடுகிற கட்-ஆஃபில் நல்ல மதிப்பெண். பொறியியல் கலந்தாய்வு 2018லிருந்து ஆன்லைன் ஆகிவிட்டது இல்லையா, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வரிசையாகக் கல்லூரிகளை டிக் செய்தான். சென்னையில் இடம் கிடைத்தது. சென்னையையே அதற்குப் பிறகுதான் முதன்முதலாகப் பார்த்தான். 1998ல் நான் அப்பாவோடு திருவள்ளுவர் பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் கலந்தாய்வுக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போனேன். சேர வரும்போது ஊர் ஒரு தடவை மிரட்டி முடித்திருந்தது. இவனுக்கு அந்த ஒத்திகைகூட இல்லை.

சேர்த்த அன்று விடுதி வாசலில் அக்கா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் கன்னத்தைத் தடவி, "பிடிக்கலன்னா வந்துருய்யா. நம்ம பக்கமே ஏதாவது காலேஜ் பாத்துக்கிடலாம்" என்றாள். அத்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. ஆறுதல்தானே, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

ரொம்ப நாள் கழித்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கிறிஸ்டோபர் தர்பர் என்ற உளவியலாளரும் இன்னொருவரும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் கழகத்துக்காக 2007ல் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். முகாம், தங்கிப் படிக்கும் பள்ளி, மருத்துவமனை என்று வீட்டை விட்டு இருக்க நேரும் பிள்ளைகளைப் பற்றியது. 'பிடிக்கவில்லை என்றால் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்று அதில் சொல்கிறார்கள். அதைக் கேட்கிற பிள்ளை, 'உன்னால் தாங்க முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள்' என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் இருக்கிற இடத்தில் கண் பதியாது, கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். சங்கரன்கோவில் அக்காவைப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று இருந்தது.

முதல் வாரம் தினமும் போன் செய்தேன்.

"எப்படி இருக்க மாப்ள?"

"நல்லா இருக்கேன் மாமா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் மாமா."

"ரூம்ல பசங்க எப்படி?"

"நல்ல பசங்க மாமா."

இந்த மூன்று கேள்விகளையும் மாற்றி மாற்றி ஒன்பது நாள் கேட்டேன். பத்தாவது நாள் அவன் 'சாப்ட்டேன் மாமா' என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. போனைப் பொத்திக்கொண்டான். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சரி சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரேன், வீட்டுக்குப் போயிரலாம்" என்றேன்.

குரோம்பேட்டையில் இருக்கிறது வீடு. வெள்ளிக்கிழமை பைக்கில் போய்க் கூட்டி வந்தேன். என் மனைவி மட்டன் குழம்பு வைத்தாள். பையன் மூன்று தட்டு சாப்பிட்டான், டிவி பார்த்தான், என் மகளோடு கேரம் ஆடினான். ஆளே வேறு. ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து பேச்சு குறைந்தது. நாலு மணிக்கு இல்லாத வயிற்று வலி வந்தது. ஆறு மணிக்குப் பைக்கின் பின்னால் உட்கார்ந்தவன் விடுதி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வெள்ளியும் போனேன், அதற்கடுத்த வெள்ளியும் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் முந்தினதைவிட மோசமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு நான் விட்டுவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றுகையில் மனைவி சொன்னாள்: "வாராவாரம் அந்தப் பையனைப் புதுசா ஹாஸ்டல்ல சேர்த்துட்டு வர்றீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் அக்கா மகன் வருவது உனக்குப் பாரமா என்கிற அளவுக்குப் போய், நல்லவேளை, வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டேன். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால் அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. மற்ற பிள்ளைகளுக்கு விடுதியின் முதல் நாள் ஒரே ஒரு நாள். இவனுக்கு நான் மூன்று முதல் நாள்கள் வைத்திருந்தேன். அந்த மூன்று வார இறுதியிலும் அறைப் பிள்ளைகள் மெரினாவுக்குப் போயிருக்கிறார்கள், துணி துவைத்திருக்கிறார்கள், ஒரே லேப்டாப்பில் நாலு பேர் தலையை நுழைத்துக்கொண்டு படம் பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை அவர்கள் ஏதோ சொல்லிச் சிரிக்க, இவன் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

வீட்டு ஞாபகத்தை நாம் ஏதோ செல்லம் என்று நினைக்கிறோம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அது வியாதிப் பட்டியலிலேயே இருந்தது. 1688ல் ஜோஹான்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் ஓர் ஆய்வேடு எழுதினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து 'நாஸ்டால்ஜியா' என்ற பெயரை உண்டாக்கியவர் அவர்தான். இன்று பழைய பாட்டு கேட்கும்போது நாம் சொல்கிற அதே நாஸ்டால்ஜியாதான், பிறந்தபோது அது நோயின் பெயர். அவர் சொல்லும் நோயாளிகளில் ஒருவன் பெர்ன் நகரத்திலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த மாணவன். காய்ச்சல், படபடப்பு, சாகக் கிடக்கிறான். ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்து வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே, வழியிலேயே அவனுக்குத் தேறத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பொதிகை எக்ஸ்பிரஸில் பார்த்தால் இது புரியும். வண்டி செங்கோட்டை போய்ச் சேர விடியவேண்டும், ஆனால் முகம் தாம்பரத்திலேயே தெளிந்துவிடும்.

எனக்கு 1998ல் என்ன நடந்தது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். இவன் வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. எனக்குப் பிரச்சினை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சென்னைப் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், விடுதி காலி. சுற்றியுள்ள வீடுகளிலிருந்து டிவியில் ஓடுகிற படத்தின் சத்தம் வரும். ஊரில் அந்நேரம் எல்லாரும் முன் அறையில் பாய் விரித்து அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எஸ்டிடி பூத்தில் ராத்திரி ஆக ஆகக் கட்டணம் குறையும் என்பதால் சாயங்காலம் போன் செய்யவும் மனசு வராது. நான் கண்டுபிடித்த வழி, எழும்பூர் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துத் தெற்கே போகிற ரயில்கள் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பது. யாரும் என்னோடு பேச வேண்டாம். "ஏல, அந்தப் பையத் தூக்கு", "எம்மா, தண்ணி கொண்டாந்தியா" என்று பக்கத்தில் யாராவது யாரையாவது கத்தினால் போதும். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை, மனைவிக்கே இந்தக் கட்டுரையைப் படித்தால்தான் தெரியும்.

நான்காவது வெள்ளி. மனைவி சொன்னது மண்டையில் இருந்தாலும், வருகிறேன் என்று சொல்லிவிட்டோமே என்று போய்க் கூட்டி வந்தேன். அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் பாய் மட்டும் கிடக்கிறது, பையனைக் காணோம். பால்கனியில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மணி நாலு பத்து.

"என்ன மாப்ள, தூக்கம் வரலையா?"

"தூங்கிட்டுத்தான் மாமா இருந்தேன். இந்நேரம் முழிப்பு வந்துரும்."

"எதுக்கு?"

"பாவூர்சத்திரம் வண்டி வர்ற நேரம்லா."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து தினமும் நாலு மணிக்கு அப்பாவோடு கடைக்குப் போகிறவன். வண்டியிலிருந்து மூட்டை இறக்கி, சாக்கைப் பிரித்து, அழுகலைத் தனியே எடுத்து, தட்டில் அடுக்கிவிட்டு ஆறரைக்கு வீட்டுக்கு வந்து குளித்துப் பள்ளிக்கூடம். இப்போதும் உடம்பு நாலு மணிக்கு எழுந்துவிடுகிறது. விடுதியில் அந்நேரம் ஓர் ஈ காக்கை முழித்திருக்காது. படுத்துக்கொண்டே கணக்குப் போடுவானாம்: இப்ப வண்டி வந்திருக்கும். இப்ப முதல் மூட்டை. இப்ப டீ சொல்லியிருப்பாக. இப்ப கீரைக்கார ஆச்சி வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பாக. "அப்பாவுக்கு வலது தோள் சரியில்ல மாமா. ஒத்தையா எறக்கிக்கிட்டு இருப்பாக."

ஏழரைக்கு மற்றவர்கள் எழும்போது இவன் மூன்றரை மணி நேரம் ஊரில் இருந்துவிட்டு அப்போதுதான் சென்னைக்கு வருகிறான். அந்தக் களைப்போடு வகுப்பில் உட்கார்ந்தால் எது ஏறும்?

நாங்கள் எல்லாரும், நான், அக்கா, வார்டன், சாப்பாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா இரண்டு கிலோ இட்லிப்பொடியும் கருப்பட்டி மிட்டாயும் பார்சலில் அனுப்பினாள். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் வந்து சாமி படத்திலிருந்து அடுப்படிப் பூனை வரைக்கும் காட்டினாள். பையனுக்கு எட்டு மணியில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் நாலு மணிக்கு. எந்த நேரத்தில் கஷ்டமாக இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருந்தும் எனக்கே கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

அப்புறம் இன்னொன்றும் அந்த பால்கனியில் வந்தது. வகுப்பில் பாதி புரியவில்லை. வாத்தியார்கள் இங்கிலீஷில் வேகமாகப் போகிறார்கள். அவன் கேட்கவும் பயந்தான், கேட்டால் அவனுடைய பேச்சு வெளியே வந்துவிடும். 'மூட்டை எறக்குதாக' என்று முதல் நாள் ஏதோ சொல்லப்போய், அவன் அறையில் இருக்கிற கிருஷ்ணகிரிப் பையன் சிரித்துவிட்டான். கிண்டலுக்கு இல்லை, அவனுக்கு அந்தப் பேச்சு புதுசு, அவ்வளவுதான். ஆனால் இவன் அன்றிலிருந்து புத்தகத் தமிழில் பேச ஆரம்பித்திருக்கிறான், அதுவும் அளந்து. இதெல்லாம் சேர்ந்துதான் 'வீட்டு ஞாபகம்' என்று ஒரே பெயரில் வெளியே வந்தது. வீட்டில் புரியாத வார்த்தை கிடையாது, அளந்து பேச வேண்டியதில்லை, ஆகவே வீட்டுக்குப் போக வேண்டும்.

ராகிங் ஏதாவது இருக்குமோ என்றும் எனக்கு ஒரு பயம். நேராகவே கேட்டேன், சுற்றி வளைத்துக் கேட்டால் பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். "யாராவது அடிச்சாங்களா? காசு கேக்குறாங்களா? ராத்திரி ரூமுக்கு வரச் சொல்றாங்களா?" இல்லை என்றான், கண்ணைப் பார்த்துச் சொன்னான். எங்கள் தலைமுறைக்கு இந்தப் பயம் சும்மா வரவில்லை. 1996ல் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டார், அந்த அதிர்ச்சியில்தான் 1997ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போனவன் நான். இப்போது 1800-180-5522 என்று ராகிங் புகாருக்குத் தேசிய அளவில் இலவச எண் இருக்கிறது. அவன் போனில் சேமித்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மதியமே, "மாப்ள, இனிமே மாசத்துக்கு ஒரு தடவைதான் வீடு. ஆனா புதன்கிழமை சாயங்காலம் நான் காலேஜ் வாசல் டீக்கடைக்கு வருவேன், அரை மணி நேரம்" என்றேன். முகம் வாடிவிட்டது. என் மனைவி நடுவில் புகுந்து, "அத்தை கையால ஏதாவது செஞ்சு குடுத்தனுப்புவேன், ரூம்ல நாலு பேருக்கும் சேர்த்து" என்றாள். அந்த 'நாலு பேருக்கும்' என்ற வார்த்தையை அவள் எவ்வளவு யோசித்துப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. முதல் புதன் முப்பது அதிரசம் போனது. கிருஷ்ணகிரிப் பையன் மட்டும் ஒன்பது தின்றானாம்.

அக்காவைச் சமாளிப்பதுதான் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் இன்னும் நாலு பேருக்கே உலை வைத்துக்கொண்டிருந்தாள், மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது அழுகை. அழுது முடித்து அவனுக்குப் போன். "ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணாத அக்கா, அந்நேரம்தான் பசங்க சேர்ந்து உட்கார்ந்து பேசுவாங்க. அவனா கூப்பிடட்டும்" என்று சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த 'வந்துருய்யா'வைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தானிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல 'ம்' என்றார்.

அத்தான் போனில் பேசுகிற ஆள் கிடையாது. "நல்லாருக்கியா, சரி, அம்மாட்ட குடுக்கேன்." ஐந்து விநாடி. நாலரை மணிக்கு அப்பாவுக்கு ஒரு போன் போடேன் என்று நான் சொன்னபோது, "என்னன்னு மாமா பேசுறது?" என்று கேட்டான். அதுவும் சரிதான்.

இந்த இடத்தில், நான் யோசித்து ஏற்பாடு செய்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது அப்படி இல்லை. அவன் அறையில் படுத்திருக்கப் பிடிக்காமல் நாலு மணிக்குக் கீழே வந்து மெஸ் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார ஆரம்பித்திருக்கிறான். மெஸ் மாஸ்டர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாவது நாள், "தம்பி, சும்மாதானே உட்கார்ந்திருக்க. கோயம்பேடு வரைக்கும் வர்றியா? ரெப் பசங்க எழுந்திரிக்க மாட்டேங்குறானுங்க" என்று கேட்டிருக்கிறார்.

விடுதி மெஸ் தெரியாதவர்களுக்கு: இவர்களுடையது டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க அரிசி, பருப்பு, காய்கறி, பால், கேஸ் என்று ஆகிற செலவைக் கூட்டி, சாப்பிட்டவர்களின் தலைக்கு வகுத்து பில் போடுவார்கள். கொள்முதலில் காசு எங்கே போகிறது என்று பார்க்க மாணவர்களிலிருந்தே மெஸ் ரெப் என்று மாதாமாதம் முறை வைத்து ஆள் போடுவார்கள். வெளியே போக வார்டனின் அனுமதி வேண்டும், அதற்கு லோக்கல் கார்டியன் கடிதம் வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுதின என் பெயருக்கு உருப்படியாக வந்த ஒரே வேலை அந்தக் கடிதம்தான்.

ஒரு சனிக்கிழமை விடிகாலை நானும் போய்ப் பார்த்தேன். சென்னைக்கு வந்து இத்தனை வருஷத்தில் கோயம்பேடு என்றால் எனக்கு 2002ல் திறந்த பஸ் ஸ்டாண்டுதான். தெற்கத்தி பஸ்கள் கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு அதுவும் விட்டுப்போனது. பக்கத்திலேயே இருக்கிற மார்க்கெட்டுக்குள் போனதில்லை. கொத்தவால் சாவடியிலிருந்து 1996ல் இங்கே வந்த மார்க்கெட் அது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தக்காளி லாரி, மகாராஷ்டிரத்து வெங்காய லாரி, காலடியில் கோஸ் இலைச் சேறு, தலைக்கு மேலே போகும் மூட்டைகள், "வழி வழி வழி" என்ற சத்தம். நான் ஒரு தூணோடு ஒட்டி நின்றேன். பையன் உள்ளே போய்விட்டான்.

அவன் நடை மாறியிருந்தது. விடுதி வராண்டாவில் தோளைக் குறுக்கிக்கொண்டு போகிறவன் இங்கே கையை வீசி நடக்கிறான். வெண்டைக்காய்ச் சாக்கின் முன்னால் நின்று மேலே இருப்பதைத் தொடவே இல்லை. முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து நாலு காயை எடுத்தான், நுனியை ஒடித்தான். இரண்டு டக்கென்று ஒடிந்தது, இரண்டு நார் விட்டுத் தொங்கியது. சாக்கிலேயே போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனான். கத்தரிக்காயில் காம்பைப் பார்த்தான். வெங்காயத்தில் கழுத்தை இரண்டு விரலால் அழுத்தினான், ஈரமாக இருந்தால் மூன்று நாளில் அழுகிவிடுமாம். கடைக்காரர் ஒருவர் மெஸ் மாஸ்டரிடம், "யாருய்யா இவன், ஸ்டூடண்டா?" என்றார். "ஸ்டூடண்ட்தான். பரம்பரை" என்றார் மாஸ்டர்.

"அண்ணாச்சி, இது நேத்து வந்த காய். வெலையப் பாத்துச் சொல்லுங்க" என்று பையன் சொன்னான். அசல் சங்கரன்கோவில் பேச்சு, ஒரு எழுத்தைக்கூட அளக்கவில்லை. அந்தக் கடைக்காரரும் தெற்கத்திக்காரர் போலிருக்கிறது, "எந்த ஊருல தம்பி?" என்று இழுத்தார். எழும்பூர் பிளாட்பாரத்தில் நான் காசு கொடுத்துக் கேட்ட பேச்சு.

வேனில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவன் போனை எடுத்தான். மணி ஐந்து இருக்கும்.

"அப்பா, அங்க தக்காளி பெட்டி என்ன வெல?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ. "இங்க அதவிட அம்பது கூட... ஆமா, ஆந்திரா காய்தான். தோல் கெட்டி... இல்லப்பா, நாட்டுக்காய் இங்க கம்மியாத்தான் வருது." அப்பாவும் மகனும் தக்காளி, முருங்கை, சின்ன வெங்காயம் என்று விடுதி வாசல் வரைக்கும் பேசினார்கள். வடபழனியில் தொடங்கியது சைதாப்பேட்டை தாண்டியும் முடியவில்லை. நல்லாருக்கியா என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. என் அத்தான் ஒரு மனிதரோடு இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் இன்டர்னலில் கணக்கில் மட்டும் தப்பினான், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் படுத்துவிட்டான். வரைபடம் போடுகிற மினி டிராஃப்டரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே அவனுக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது. சிவகிரிக்கார சீனியர் ஒருவர் பழைய நோட்டுகளைக் கொடுத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் செமஸ்டரில் இப்போது 'தமிழர் மரபு' என்று ஒரு பாடம் இருக்கிறது, அதில் அறை முழுக்க இவனிடம்தான் வந்து கேட்டது. சின்ன விஷயம்தான், ஆனால் அறைக்கு ஆள் வந்து ஒன்றைக் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் அறுபது நாளைக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறந்து அப்போதே தீர்ந்தும் போனது. அன்று ராத்திரி மறுபடி அழுதான். நான் போகவில்லை. போனில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கோயம்பேடு கிடைத்துவிடாது. என் நண்பர் ஒருவரின் மகள் ஐந்து வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், தலைகூட வாராமல், வகுப்புக்கும் போகாமல் படுத்தே கிடந்தாள். அதை வீட்டு ஞாபகம் என்று சொல்லிக்கொண்டு காத்திருந்தது தப்பு என்று நண்பரே பின்னால் சொன்னார். அவர் கடைசியில் கூப்பிட்டது 14416. டெலி மானஸ் என்று 2022ல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அங்கே பேசி, அப்புறம் மருத்துவரிடம் போய், இப்போது நன்றாக இருக்கிறாள். கல்லூரியை மாற்றினார்கள், அதுவும் அவளுக்குச் சரியான முடிவுதான். திரும்பி வருவதே தோல்வி என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பிள்ளையை அனுப்பப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று: ப்ளஸ் டூ முடிந்த லீவில் ஒரு பத்து நாள் எங்காவது அனுப்பிவையுங்கள், சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் கூடப் போகாமல். நாங்கள் முழுப்பரீட்சை லீவு முழுக்க ஆச்சி வீட்டில் கிடந்தோம், பிரிந்திருக்கிற பழக்கம் யாரும் சொல்லித்தராமலே வந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து லீவே கிடையாது, ஸ்பெஷல் கிளாஸ்தான். ஒரு ராத்திரி வெளியே படுக்காத பிள்ளையை நேராக அறுநூறு கிலோமீட்டர் தள்ளி நாலு வருஷத்துக்குப் படுக்கவைக்கிறோம்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனான். மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து போன், குரலே சரியில்லை.

"தம்பி, அவனுக்கு ஒடம்பு எதுவும் சரியில்லையா? மணி எட்டாகுது, இன்னும் எந்திரிக்கல. நாலு மணிக்கு அவங்கப்பா வந்து பாத்துட்டுப் போனாக. அசந்து தூங்குதான்."

மெஸ்ஸில் அவன் முறை டிசம்பரோடு முடிந்துவிட்டது என்றும், பரீட்சைக்கு ராத்திரி இரண்டு மணி வரைக்கும் எல்லாரும் சேர்ந்து படித்து அந்தப் பழக்கம் வந்துவிட்டது என்றும் சொன்னேன்.

"அத்தான் எழுப்பலையா?"

"எழுப்பலாம்னேன். 'கெடக்கட்டும், தூங்கட்டும்'னுட்டு லைட்டை அமத்திட்டுப் போயிட்டாக." கொஞ்சம் நிறுத்தி, "நாலு மூட்டையும் ஒத்தையா எறக்கிட்டு வந்து தோளுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காக" என்றாள்.